என் மாத்திரையும் அப்பாவின் மாத்திரையும்

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "இனி என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது?" என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் அதற்கு ஒழுங்கான பதில் கிடைக்க வேண்டுமென்றால் இன்னொரு கேள்வியை முதலில் கேட்டாக வேண்டும்: நான் விழுங்கும் மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது? இதைக் கேட்பவர்கள் குறைவு. சீட்டில் எழுதியிருப்பதை வாங்குகிறோம், காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று போட்டுக்கொள்கிறோம். சாப்பாட்டை மட்டும் தனியே எடுத்துவைத்துக் கவலைப்படுகிறோம்.

அப்பாவுக்கும் எனக்கும் ஒரே நோய், இரண்டாம் வகை நீரிழிவு. ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து போட்டுச் சாப்பிடுகிறோம். ஆனால் அவருக்கான விதிகள் வேறு, எனக்கானவை வேறு. ஒரு வேளைச் சாப்பாடு தள்ளிப்போனால் எனக்குப் பசிக்கும், அவ்வளவுதான். அவருக்கு அது ஆபத்து. காய்ச்சலில் படுத்துச் சாப்பிட முடியாமல் போனால் நான் என் மாத்திரைகளை நிறுத்திவைக்க வேண்டும். அவரோ இரவு போடும் இன்சுலினைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. இதில் பாதி வயதால் வந்த வித்தியாசம் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, பெரும்பாலும் மருந்தால் வந்தது. அதைப் புரிந்துகொண்ட பிறகுதான் உணவு, நடை, தூக்கம் எல்லாமே எனக்குப் பிடிபட்டன.

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேரைக் குழப்புவது அதுதான். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டது. படுக்கும்போது 120 இருந்தது. விடிந்து பார்த்தால் 150. நடுவில் ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. எங்கிருந்து வந்தது? கல்லீரலிலிருந்து. நாம் சாப்பிடாத நேரத்தில் மூளைக்கு வேண்டிய குளுக்கோஸைக் கல்லீரல்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடும்போது கல்லீரல் இன்னும் தாராளமாக அவிழ்த்துவிடும். நோய் இல்லாதவருக்குக் கணையம் கொஞ்சம் கூடுதலாக இன்சுலின் சுரந்து இதைச் சரிக்கட்டிவிடும். நம் உடம்பில் அந்தச் சரிக்கட்டல் நடப்பதில்லை. "காலைச் சர்க்கரை ஏறுகிறதே" என்று இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

என் முதல் மாத்திரையான மெட்ஃபார்மின் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது: கல்லீரல் வெளியே விடும் குளுக்கோஸைக் குறைக்கிறது. கணையத்தைப் பிழிவதில்லை. அதனால் அது தனியாக இருக்கும்வரை சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துபோவது மிக அரிது. 1922இலேயே ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட மருந்து இது. 1957இல்தான் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்காவில் அனுமதி கிடைக்க 1994 ஆனது. இவ்வளவு பழைய, இவ்வளவு பழகிய மருந்தைப் பற்றிக்கூட நமக்குச் சொல்லப்படாத விஷயங்கள் உண்டு. வயிற்றைக் கலக்கும், பேதியாகும் என்று பலர் முதல் மாதத்திலேயே விட்டுவிடுகிறார்கள். குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டோடு சேர்த்து எடுத்து, மெல்லக் கூட்டினால் பலருக்கு இது அடங்கிவிடும். அப்படியும் அடங்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகை இருக்கிறது, மருத்துவரிடம் கேட்கலாம். இன்னொன்று, பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு பி12 குறையலாம். பி12 குறைந்தால் பாதம் மரத்துப்போகும், ஊசி குத்துவது போலிருக்கும். சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் இதே அறிகுறிதான். இரண்டில் எது என்று பார்க்காமல் "சுகர் இருந்தால் அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடக் கூடாது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுகிற விஷயம் இது, கேட்டு வாங்குங்கள்.

அப்பா எடுப்பது கிளிமெப்பிரைடு. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் இதே குடும்பம். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன, நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல். மாத்திரை போட்டாயிற்று, சாப்பாடு தாமதமாகிறது என்றால் சுரந்த இன்சுலின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத்தான் இறக்கும். இந்த ஒரு வரியை மாத்திரை எடுப்பவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, வீட்டில் சமைப்பவருக்கும் பரிமாறுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது பேச்சே இப்படித்தான்: "தட்டு வந்துடுச்சாப்பா? அப்ப மாத்திரையைப் போடுங்க." சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகே மாத்திரை. விருந்து, பயணம், மருத்துவமனை வரிசை என்று நேரம் நம் கையில் இல்லாத நாட்களில் இது இன்னும் முக்கியம்.

'லோ சுகர்' பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சர்க்கரை கூடுவதன் கேடு ஆண்டுக்கணக்கில் வருவது. தாழ்வதன் கேடு நிமிடக்கணக்கில் வருவது. 70க்குக் கீழே இறங்கினால் உடனே கவனிக்க வேண்டும். 54க்குக் கீழே போனால் மூளை தடுமாறத் தொடங்கும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் ஒரு குழறல். ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மருந்து எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். அப்பாவுக்கு அந்த மருந்தும் உண்டு என்பதால், அவர் நெற்றி வியர்த்தால் மின்விசிறியைத் தேடுவதற்கு முன் குளுக்கோமீட்டரைத் தேடுகிறோம்.

செய்ய வேண்டியது எளிது. வேகமாகக் கரையும் சர்க்கரை 15 கிராம்: குளுக்கோஸ் மாத்திரையோ, மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்த தண்ணீரோ, அரை டம்ளர் பழச்சாறோ. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறியபின் அடுத்த வேளைச் சாப்பாடு தள்ளியிருந்தால் ஏதாவது கொஞ்சம் சாப்பிட வேண்டும். சாக்லேட் கொடுப்பார்கள், அது வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அகார்போஸ் எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் வேகமாக உதவாது, அதை உடைக்கும் நொதியையே அந்த மருந்து தடுத்துவைத்திருக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸாகவே கொடுக்க வேண்டும். பாருங்கள், 'லோ' வந்தால் எதைக் கொடுப்பது என்பதைக்கூட மாத்திரைதான் தீர்மானிக்கிறது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், ஆம்புலன்ஸை அழையுங்கள். கிளிமெப்பிரைடு வகையால் வந்த 'லோ' ஒருமுறை சரியானாலும் சில மணி நேரத்தில் திரும்ப வரலாம், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதிகமாகவே வரலாம். எனவே "சரியாயிடுச்சு, படுத்துக்கிறேன்" என்றால் விடக் கூடாது.

வயதானவர்களுக்கு எச்பிஏ1சி, அதாவது சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, அதன் இலக்கைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பதும் இதனால்தான். பெரும்பாலான பெரியவர்களுக்கு 7க்குக் கீழ் என்பார்கள். பல நோய்களோடு இருக்கும் முதியவருக்கு 8 என்பதே நல்ல இலக்காக இருக்கலாம். அப்பாவின் 7.8ஐப் பார்த்து உறவினர்கள் முகம் சுளித்தபோது எனக்குக் கோபம் வந்தது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியாமல் அவர் நடமாடுவது அந்த 7.8க்குள் அடங்கியிருக்கிறது.

என் இரண்டாவது மாத்திரை எம்பாக்ளிஃப்ளோசின். சிறுநீரகம் வடிகட்டும் குளுக்கோஸைத் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளாமல் சிறுநீரோடு வெளியே அனுப்புவது இதன் வேலை. 2015இல் வெளியான பெரிய ஆய்வில், இதய நோயும் சேர்ந்திருந்தவர்களிடம் இதய மரணங்களைக் குறைத்ததாகத் தெரிந்தபின் இந்த வகைக்கு மதிப்பு கூடியது. சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்கள் நிறைய, சொன்னால் எளிதாகக் குணமாக்கலாம். சிறுநீர் கழித்தபின் தண்ணீரால் கழுவித் துடைப்பது உதவும். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினாலோ, நெடுநேரம் பட்டினி இருந்தாலோ, வாந்தி பேதியில் நீர் வற்றினாலோ, ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். அப்போது மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. 180, 200 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவோம். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மருத்துவமனைக்குப் போய் "இந்த மாத்திரை எடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். யாரோ எடை குறைத்தார்கள் என்று கேட்டு, மருத்துவரிடம் சொல்லாமல் உணவுமுறையை அடியோடு மாற்றுபவர்களைப் பார்த்து நான் அஞ்சுவது இதனால்தான்.

இன்சுலினைப் பற்றிய பயத்தைப் போக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதன் முதல் நாட்களைச் சொல்வது. 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டார்கள். மருந்து அவ்வளவு தூய்மையாக இல்லை. பலன் சொற்பம், ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் அதை மேலும் சுத்திகரித்த பிறகு, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது, பையன் தேறினான். அதற்கு முன்புவரை, இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுபோகும் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகளுக்கு மருத்துவம் கொடுத்ததெல்லாம் பட்டினிதான், அதுவும் சில மாதங்களை நீட்டிக்க. அப்படி வந்த மருந்தை நாம் 'கடைசிக் கட்டம்' என்று சொல்லிப் பயப்படுகிறோம். இரண்டாம் வகையில் ஆண்டுகள் போகப் போகக் கணையத்தின் சுரப்பு தளர்வது நோயின் இயல்பு. ஊசிக்கு மாறுவது யாருடைய தோல்வியும் இல்லை. ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் முக்கியம். ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி உண்டாகி, மருந்து ஒருநாள் உறிஞ்சப்படும், ஒருநாள் தங்கிவிடும். 'சுகர் காரணமில்லாமல் ஏறி இறங்குகிறது' என்றால் முதலில் வயிற்றைத் தடவிப் பாருங்கள். திறக்காத மருந்து குளிர்பெட்டியில், ஆனால் உறைநிலைப் பகுதியில் அல்ல, உறைந்துபோனது பயன்படாது. திறந்தது பெரும்பாலும் 28 நாள்வரை. வகைக்கு வகை மாறும், உறையில் இருக்கும் சீட்டைப் படித்துவிடுங்கள்.

இப்போது சாப்பாடு. நான் பட்டியல் தரப்போவதில்லை. ரத்தச் சர்க்கரையை நேராக ஏற்றுவது மாவுச்சத்து. அதன் அளவும் அது எந்த உருவில் வருகிறது என்பதும்தான் முதல் கணக்கு. அரிசியா கோதுமையா என்று வருஷக்கணக்கில் சண்டை போடுவார்கள். தட்டில் இருக்கும் அளவு அந்தச் சண்டையைவிடப் பெரிய விஷயம். முழுப்பழமும் அதே பழத்தின் சாறும் ஒன்றல்ல. சாற்றில் நார்ச்சத்து போய்விடுகிறது, மூன்று பழத்தை மென்று தின்ன ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒரு டம்ளர் குடிக்க ஆகாது. தேன் இயற்கையானது என்பார்கள். உண்மைதான், அதிலிருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இயற்கையானவையே. ரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது.

எனக்கு மிகவும் கைகொடுத்தது, சாப்பிடும் வரிசை. முதலில் காய்கறி, பிறகு பருப்போ முட்டையோ மீனோ, கடைசியில் மாவுச்சத்து. அதே உணவு, அதே அளவு. வரிசையை மாற்றினால் சாப்பிட்டபின் வரும் ஏற்றம் தாழ்வதைச் சிறிய ஆய்வுகள் சில காட்டியிருக்கின்றன. நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை. இந்த ஜோடி அளவுதான் உணவைப் பற்றி உண்மை சொல்லும். எந்த நேரத்தில் என்றில்லாமல் எடுக்கும் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பொதுவாகச் சாப்பிடும் முன் 80 முதல் 130, பிறகு 180க்குள் என்பது பலருக்குச் சொல்லப்படும் எல்லை. அளக்கும் முன் கையைக் கழுவித் துடையுங்கள். பழம் உரித்த விரலில் எடுத்தால் மீட்டர் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துச் சொல்லும். எனக்கு ஒத்துக்கொள்வது அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் இந்த ஜோடி அளவுகளில்தான் தெரிந்தது. நான் கோபித்துக்கொண்டு அவரிடம் பேசிய பேச்சுகளில் அல்ல.

நடையைப் பற்றிச் சுருக்கமாக. வேலை செய்யும் தசை இன்சுலின் துணை அதிகம் இல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். எனவே சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் நடப்பது, சாப்பாட்டுக்குத் தொடர்பில்லாத நேரத்தில் நெடுந்தூரம் நடப்பதைவிடச் சாப்பிட்டபின் வரும் ஏற்றத்துக்கு நல்லது. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற பொது அறிவுரையை இப்படித் துண்டு துண்டாக நிறைவேற்றிவிடலாம். இதிலும் மாத்திரை குறுக்கே வரும்: கிளிமெப்பிரைடோ இன்சுலினோ எடுப்பவர் வழக்கத்துக்கு மேல் உழைத்த நாளில் சர்க்கரை சில மணி நேரம் கழித்தும், இரவிலும்கூடத் தாழலாம். அப்பா தோட்டத்தில் மண்வெட்டியைப் பிடித்த நாளில் படுக்கும் முன் ஒருமுறை அளந்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறோம்.

எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி என்பார்கள். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால் வரும் கணக்கு அது. கடைசி மாதத்தின் பங்கு அதில் கூடுதல். 7 என்றால் சராசரி ஏறத்தாழ 154, 8 என்றால் 183. ஆனால் சராசரிக்குள் 50ம் 300ம் ஒளிந்துகொள்ள முடியும், அதனால்தான் மீட்டர் வேண்டும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி கூட்டிக் காட்டும். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் இருந்தால் குறைத்துக் காட்டும். இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும், இந்த எண் வீணான எண் அல்ல. இங்கிலாந்தில் 1977இல் தொடங்கிய யுகேபிடிஎஸ் என்ற நீரிழிவு ஆய்வில், எச்பிஏ1சி ஒரு புள்ளி குறைவாக இருந்தவர்களிடம் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ச் சேதங்கள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. ஆரம்ப ஆண்டுகளில் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு அந்த நன்மை ஆய்வு முடிந்து பத்தாண்டுகள் கழித்தும் தொடர்ந்தது என்று 2008இல் வந்தது. புதிதாக நோய் தெரிந்தவர்களிடம் நான் கெஞ்சிச் சொல்வது இதைத்தான்: இப்போதுதானே வந்திருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள், இந்த ஆண்டுகள்தான் மற்ற எல்லா ஆண்டுகளுக்கும் சேர்த்து வேலை செய்பவை.

விழித்திரைப் பரிசோதனை ஆண்டுக்கொரு முறை, பார்வை நன்றாக இருந்தாலும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவும் அப்படியே. கால் தினமும். மரத்துப்போன பாதத்தில் புண் வந்தால் வலிக்காது, வலி சொல்லாததைக் கண்தான் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்களுக்கு ஒரு கண்ணாடியோ, வீட்டில் ஒருவரோ. புகைப்பவர்கள் அதை நிறுத்துவது எந்த மாத்திரைக்கும் குறைந்ததல்ல.

தூக்கம் கெட்ட மறுநாள் என் சர்க்கரை ஏறியே இருக்கும், சாப்பாடு மாறாவிட்டாலும். மனக்கவலையும் அப்படித்தான். வீட்டில் இருப்பவர்கள் தட்டைப் பார்த்துக் கண்காணிப்பதை விட்டால் அந்தக் கவலையில் ஒரு பங்கு குறையும். "அதைத் தொடாதீங்க" என்பதற்குப் பதில் "வாங்கப்பா, ஒரு சுற்று நடந்துட்டு வரலாம்" என்று சொல்லும்போது அப்பா வருகிறார்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு வெற்றுத்தாளைக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு மாத்திரைக்கும் எதிரே நான்கு விஷயம் எழுதி வாங்குங்கள்: சாப்பாட்டுக்கு முன்னா, கூடவேயா, பின்னா; ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது; 'லோ' வருமா; சாப்பிட முடியாத அளவுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் தொடர்வதா நிறுத்துவதா. கடைசிக் கேள்விக்கான பதில்கள் மாத்திரைக்கு மாத்திரை மாறும். மெட்ஃபார்மினையும் எம்பாக்ளிஃப்ளோசினையும் நீர் வற்றும் நோயின்போது பொதுவாக நிறுத்திவைக்கச் சொல்வார்கள். இன்சுலினை அளவு மாற்றியாவது தொடரச் சொல்வார்கள், காய்ச்சலில் சர்க்கரை ஏறும் என்பதால். நள்ளிரவில் யாரை அழைப்பது என்ற எண்ணும் அந்தத் தாளின் அடியில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் இரண்டு தாள்கள் இருக்கின்றன, அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தாலும், கலந்துவிடாமல் இருக்க வேறு வேறு நிற மையில் எழுதியிருக்கிறோம்.